விண்ணிலே வேலியாம்!

செங்கோட்டைக் கொத்தளம்! 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள்! தலைமை அமைச்சர் விடுதலைத் திருநாள் உரை நிகழ்த்துகிறார். பாரதப் போரிலே கண்ணன் தன் சக்கரத்தால் கதிரவனை மறைத்தானாம், பட்டப்பகல் இருளாயிற்றாம், அருச்சுனன் தன் சூளுரையை நிறைவேற்றினானாம். அந்தச் சக்கரத்தின் பெயராலே ஒரு திட்டம் — சுதர்சன சக்கரத் திட்டம்! 2035-ஆம் ஆண்டுக்குள் படைத்தளத்துக்கு மட்டுமல்ல, மருத்துவமனைக்கும், இரயில் நிலையத்துக்கும், வழிபாட்டுத் தலத்துக்குங்கூட வான்வழித் தாக்குதலைத் தடுக்கும் கேடயம் கிடைக்குமாம்!

கதையை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள், தோழர்களே! அதிலே சக்கரம் எவரைக் காத்தது? எவரையும் இல்லை. பொழுது சாயவில்லை, சாய்ந்ததுபோல் தோன்றிற்று. அந்தத் தோற்றத்தை நம்பி வெளியே வந்த சயத்ரதன் தலையை இழந்தான். காவற் கருவியாக அல்ல, கண்கட்டு வித்தையாகவே சக்கரம் அங்கே சுழன்றது. கேடயத்துக்குப் பெயர் தேடியவர்கள், ஏமாற்றுக்கு எடுத்துக்காட்டான கதையைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்! அந்தப் பொருத்தம் அவர்கள் எண்ணியதைவிடப் பெரிது.

நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விமானத்தை வீழ்த்தலாம்; ஆளில்லா வானூர்தியை வீழ்த்தலாம்; குறுந்தொலைவு இராக்கெட்டுகளில் பலவற்றை நடுவானிலேயே நொறுக்கலாம். இஸ்ரேலின் 'இரும்புக் கூரை' அதைச் செய்து காட்டியிருக்கிறது. அந்தக் கூரையும் 2023 அக்டோபர் 7-ஆம் நாள், ஆயிரக்கணக்கில் இராக்கெட்டுகள் வந்தபோது ஒழுகிற்று; ஆயினும் பயனற்றதென்று அதை எவரும் சொல்லவில்லை. சாதாரண வெடிகுண்டு பத்து வந்து ஒன்பது வீழ்ந்தால் வெற்றி. பத்தாவது குண்டு ஒரு கட்டடத்தை இடிக்கும்.

பத்தாவது குண்டு அணுகுண்டாயின்?

1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் விழுந்தது ஒரே ஒரு குண்டு. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் சுமார் 1,40,000 பேர். அணுகுண்டுக்கு எதிரான கேடயத்திலே 'பெரும்பாலும் தடுக்கும்' என்ற சொல்லுக்கு இடமில்லை. பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. வருகின்ற கணை ஒவ்வொன்றையும் நூற்றுக்கு 90 உறுதியோடு வீழ்த்தும் கேடயம் வாய்த்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். கணைகள் பத்து வருகின்றன. பத்துமே வீழ்வதற்கு வாய்ப்பு எத்தனை? நூற்றுக்கு 35! உறுதி 80 ஆனால், வாய்ப்பு 11! தொண்ணூறு விழுக்காட்டுக் கேடயத்தை மாட்டிக்கொண்டு, மூன்று முறையில் இரண்டு முறை ஒரு நகரத்தையேனும் பறிகொடுப்போம். இதற்குப் பெயர் கேடயமா?

'அறிவியல் வளர்கிறது, நாளை நூற்றுக்கு நூறு ஆகும்' என்பார்கள். அறிவியல் என்ன சொல்கிறதென்று அறிவியலையே கேட்போம்.

1971-ஆம் ஆண்டு அப்பல்லோ-15 பயணத்தில் நிலவின்மீது நின்ற டேவிட் ஸ்காட் என்ற வீரர், ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூற்றின் இறகும் பிடித்து இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. காற்றில்லா வெளியிலே கனமானதும் இலேசானதும் ஒரே போக்கில் போகும். கலிலியோ கண்ட உண்மை அது. தொலைவு பாயும் ஏவுகணை தன் பயணத்தின் பெரும்பகுதியைக் காற்று மண்டலத்துக்கு வெளியேதான் கழிக்கிறது. அங்கே எதிரி ஓர் அணுகுண்டோடு உலோகப் பூச்சுப் பூசிய பலூன்கள் இருபதை ஊதிவிட்டால் என்னவாகும்? குண்டும் பலூனும் ஒரே விரைவில், ஒரே பாதையில், அருகருகே பறக்கும். குண்டையே ஒரு பலூனுக்குள் ஒளித்துவிட்டாலோ, ராடாருக்கு இருபத்தொன்றும் ஒன்றே! காற்று மண்டலத்துக்குள் நுழைந்த பின்னர்தான் பலூன் பின்தங்கும், உண்மை வெளிப்படும். அப்போது எஞ்சியிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடமே.

இதைச் சொன்னவர் ஏதோ போர்க்கலை அறியாத சாமியார் அல்லர். அமெரிக்காவின் அணுகுண்டு உருவானபோது அதன் கோட்பாட்டுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் பெத்தே. அவரோடு ரிச்சர்டு கார்வின். 1968 மார்ச்சிலேயே இருவரும் எழுதிவிட்டார்கள். தாக்குகிறவனுக்குப் பலூன் போதும். தடுக்கிறவனுக்கோ மலையளவு பணமும் மாயக்கண்ணும் வேண்டும். இப்போது தெரிகிறதா பெயர்ப் பொருத்தம்? பொய்த்தோற்றம் காட்டி வெல்வதுதான் கண்ணன் செய்த வேலை என்றால், ஏவுகணைப் போரிலே அந்த வேலை தாக்குகிறவனுடையது. கண்ணன் எதிரியின் பக்கம் நிற்கிறான்!

'அப்படியானால் கணை கிளம்பும்போதே விண்ணிலிருந்து அடிப்போம்; விண்ணிலே படைக்கலம் வைப்போம்' என்று அடுத்த வாதம் வருகிறது. பூமியை அணுக்கமாகச் சுற்றும் கோள் ஓரிடத்தில் நிற்காது. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிரி நாட்டின் தலைக்குமேல் எந்நேரமும் ஒன்று இருக்கவேண்டுமென்றால், உலகைச் சுற்றிப் பல நூறு இருக்கவேண்டும். அமெரிக்க இயற்பியல் கழகம் 2003-இல் ஆராய்ந்து, ஆயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட கணைகள் விண்ணில் வேண்டும் என்றது. 2025 மே மாதம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் 'பொற்கூரை' என்ற பெயரில் 17,500 கோடி டாலர்த் திட்டமொன்றை அறிவித்தார். விண்ணில் வைக்கும் கணைகளுக்கு மட்டுமே இருபதாண்டுகளில் 16,100 கோடி முதல் 54,200 கோடி டாலர் வரை ஆகும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமே அதே மாதம் கணக்குக் காட்டிற்று. கொட்டிக் கொடுக்கக் குபேரன் இருந்தாலும், எதிரி இன்னுமொரு நூறு கணை செய்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து கொட்டவேண்டும்!

அந்தக் குபேர நாட்டின் பழைய கணக்கையும் பார்ப்போம். வட டக்கோட்டாவில் 'சேஃப்கார்டு' என்ற கேடயத்தைப் பல நூறு கோடி டாலர் செலவில் எழுப்பினார்கள். 1975 அக்டோபர் முதல் நாள் அது முழு இயக்கத்துக்கு வந்தது. மறுநாள் — ஆம், மறுநாளே — மூடிவிட வேண்டுமென்று பிரதிநிதிகள் சபை வாக்களித்தது! சில திங்களில் கதவு சாத்தப்பட்டது. 1983 மார்ச்சு 23-இல் ரீகன் 'விண்மீன் போர்' என்று உலகம் எள்ளி நகைத்த திட்டத்தை அறிவித்தார், பத்தாண்டு ஓடிற்று, சுமார் 3,000 கோடி டாலர் கரைந்தது, ஒரு கேடயமும் விண்ணேறவில்லை. 1991 வளைகுடாப் போரில், பேட்ரியட் கணை 42 ஸ்கட் கணைகளில் 41-ஐ வீழ்த்தியதென்று அன்றைய குடியரசுத் தலைவர் புஷ் முழங்கினார். முழங்கிய பத்தாம் நாள், பிப்ரவரி 25-இல், தஹ்ரானில் ஒரு ஸ்கட் படைவீடுதியின்மேல் விழுந்தது. 28 அமெரிக்க வீரர் மாண்டனர். காரணம்? நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய கணிப்பொறியின் கடிகாரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகிற்று. அந்தப் பிசகில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துவிட்டது. அதற்குப் பின் நடந்த ஆராய்ச்சிகளில் 41 என்ற எண் கரைந்தே போயிற்று.

'அது அமெரிக்கா, நம் சோதனைகள் வென்றனவே' என்பார் உண்டு. சோதனை என்றால் என்னவென்று அறிய, தொலைவு போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரம் மணமேல்குடிக்கு வந்தால் போதும்.

அறுபத்துமூவரில் ஒருவரும் பாண்டியனின் அமைச்சருமான குலச்சிறையார் பிறந்த ஊர் மணமேல்குடி என்பது சைவர் மரபு. சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்ததில் அரசி மங்கையர்க்கரசியோடு பங்கு கொண்டவர் அவர். அங்கே நடந்தது அனல்வாதம், புனல்வாதம் என்று பெரியபுராணம் பேசுகிறது. நெருப்பில் இட்ட ஏடு ஒருவருடையது வேகவில்லை, மற்றவருடையது வெந்தது. ஆற்றில் இட்ட ஏடு ஒருவருடையது எதிரேறிற்று, மற்றவருடையது அடித்துச் செல்லப்பட்டது. முடிவு? சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர். அரசன் ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு மணமேல்குடி அமைச்சருக்கு! வரலாற்றில் நடந்ததோ இல்லையோ, புராணம் அதைப் பெருமையாகப் பாடி வைத்திருக்கிறது. நாம் கேட்பது ஒன்றே. சோதனைக்கு ஏற்பாடு செய்தவர் யார்? பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் யார்? வென்றதால் பயனடைந்தவர் யார்? மூன்று பேரும் ஒரு கட்சி என்றால், அதற்குப் பெயர் சோதனை அன்று, சடங்கு!

அந்த மூன்று கேள்வியையும் இன்றைய சோதனைக்களத்தில் கேளுங்கள். 2006 நவம்பர் 27-இல் இந்தியாவின் முதல் எதிர்க்கணைச் சோதனை. வருகிற கணை எது? நாமே செய்த பிருத்வி! ஏவியவர் யார்? நாமே! எங்கிருந்து, எந்தத் திசையில் வரும் என்பதை அறிந்தவர் யார்? நாமே! வெற்றி என்று அறிவித்தவர்? அதையும் நாமே! 2012-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த சரஸ்வத், முதற்கட்டக் கேடயம் முதிர்ந்துவிட்டது, குறுகிய காலத்தில் நிறுவிவிடலாம் என்றார். பதின்மூன்று ஆண்டு கழித்து, இன்னும் பத்தாண்டு பொறுங்கள் என்று செங்கோட்டை சொல்கிறது. இடையிலே எத்தனை பலூன்களுக்கு நடுவே எத்தனை குண்டுகளைக் கண்டுபிடித்தார்கள் என்ற கணக்கை மக்கள்முன் வைத்தவர் உண்டோ?

2019 மார்ச்சு 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத் தேர்தல் நடத்தை விதிகள் நடப்பிலிருந்த நேரம். தலைமை அமைச்சர் தொலைக்காட்சியிலே தோன்றி, 'சக்தி' என்ற பெயரில் ஒரு செயற்கைக்கோளை அடித்து வீழ்த்திவிட்டோம் என்று அறிவித்தார். தேர்தல் விதி மீறப்படவில்லை என்று ஆணையம் சொல்லிற்று, அது நிற்க. அடிபட்ட கோள் எது? அவ்வாண்டு சனவரி 24-இல் நாமே ஏவிய மைக்ரோசாட்-ஆர்! செயற்கைக்கோள் எந்நொடியில் எங்கே இருக்குமென்று முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கலாம்; அது பலூன் விடாது; திசை மாறி ஓடாது. நேர அட்டவணைப்படி வரும் பேருந்தைக் கல்லால் அடித்தவன், நள்ளிரவில் வரும் திருடனைப் பிடிப்பேன் என்று மார்தட்டலாமா?

சரி, பயன் இல்லாவிட்டால் போகட்டும், கேடு உண்டா? உண்டு. அந்தக் கேடு மணமேல்குடிக் கரையிலே வலை இழுப்பவன் வீட்டுக்கே வருகிறது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிப் புதுக்கோட்டை மாவட்டத்தையும் சூறையாடிற்று. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஆனால் மீனவர்கள் முன்கூட்டியே கரைக்கு அழைக்கப்பட்டிருந்தனர். அழைத்தது எது? அசரீரியா? அன்று. விண்ணிலிருந்து புயலைப் படம் பிடித்த செயற்கைக்கோள்! எல்லை எது, கரை எது என்று நடுக்கடலில் படகோட்டிக்குக் காட்டுவதும் செயற்கைக்கோளே. அந்த வானத்தைத்தான் போர்க்களமாக்கப் பார்க்கிறார்கள். நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஓர் இரும்புத் துண்டு, துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு விரைந்தது. 2007 சனவரியில் சீனா ஒரு கோளை உடைத்தது. கண்காணிக்கத்தக்க சிதறல்களே மூவாயிரத்துக்கு மேல்! அவற்றில் பெரும்பகுதி இன்றும் சுற்றுகிறது. 2021 நவம்பரில் ரஷ்யா உடைத்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்தோர் தம் விண்கலங்களுக்குள் ஒதுங்கினர். ஒதுங்கியவர்களில் ரஷ்யரும் இருந்தனர்! இந்தியா உடைத்தது தாழ்வான உயரத்தில். 45 நாளில் சிதறல் மறையும் என்றார்கள். ஐந்தாம் நாளே நாசாவின் தலைவர், 24 துண்டுகள் விண்வெளி நிலையத்துக்கும் மேலே எறியப்பட்டுள்ளன என்றார். 45 நாள் கழிந்த பின்னும் எச்சங்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

பணக்கணக்கையும் பார்த்துவிடுங்கள். கஜா வருவதற்கு ஆறு வாரம் முன்பு, 2018 அக்டோபர் 5-இல், ரஷ்யாவிடம் எஸ்-400 கருவிகள் வாங்க ஒப்பந்தம்: 543 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 40,000 கோடி ரூபாய். கஜா அடித்த காயத்துக்குத் தமிழகம் கேட்டது சுமார் 15,000 கோடி. அவ்வாண்டின் இறுதி நாளில் தில்லி ஒப்புதல் தந்த கூடுதல் உதவி 1,146 கோடி! 2021 சனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்க, நால்வர் பிணமாயினர். கடலிலே கண்ணுக்கெட்டிய தொலைவில் போகும் மீனவனுக்கு இல்லாத காவல், விண்ணிலே முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் எவனுக்கு?

கேடு அத்தோடு நிற்கவில்லை. ஒருவன் கேடயம் எடுத்தால் மற்றவன் வாளைக் கூர்மையாக்குகிறான். 2017 சனவரி 24-இல் பாகிஸ்தான் 'அபாபீல்' என்ற கணையைச் சோதித்தது: ஒரே கணையில் பல அணுகுண்டுகள். இவ்வட்டாரத்தில் பெருகும் ஏவுகணைத் தடுப்பை எதிர்கொள்வதற்காகவே என்று வெளிப்படையாகவே அறிவித்தது. 2024 மார்ச்சு 11-இல் நாமும் பல குண்டு தாங்கும் அக்னி-5-ஐச் சோதித்தோம். அதற்குப் பெயர் 'திவ்யாஸ்திரம்'! இங்கே கண்ணன் சக்கரம். அங்கே யானைப் படையின்மேல் கல் எறிந்ததாகச் சொல்லப்படும் புராணப் பறவை. இரண்டு தேசத்துப் புராணங்களும் அணுகுண்டுகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கின்றன. எரியப்போவது இருபுறத்து ஏழை!

அந்த எரிப்புக்கு எவரும் ஆணையிட வேண்டிய தேவைகூட இல்லை. 2022 மார்ச்சு 9-இல் இந்தியாவின் பிரமோஸ் கணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டுப் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. மூன்று அதிகாரிகள் பதவியிழந்தனர். நல்லவேளை, நகரம் எதுவும் இழக்கப்படவில்லை. 1983 செப்டம்பரில் அமெரிக்கக் கணைகள் ஐந்து வருகின்றன என்று சோவியத் செயற்கைக்கோள் அலறிற்று. பணியிலிருந்த பெத்ரோவ் என்ற அதிகாரி, 'போர் தொடுப்பவன் ஐந்து கணையோடா தொடங்குவான்?' என்று சிந்தித்தார். பொய்யறிவிப்பு என்று முடிவு செய்தார். மேகத்தில் பட்டுத் திரும்பிய வெயிலைத்தான் கோள் கணையென்று கண்டது! அன்று உலகைக் காத்தது கேடயமன்று, ஒரு மனிதனின் பகுத்தறிவு. அவருக்கு யோசிக்க நிமிடங்கள் கிடைத்தன. தில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையே பாயும் கணைக்குப் பத்து நிமிடங்கூட வேண்டாம்.

இவ்வளவும் சொன்னால், 'நாட்டுப்பற்றில்லாதவன்' என்பார்கள். ஓட்டைக் குடையை விற்பவன் நாட்டுப்பற்றாளன். ஓட்டையைச் சுட்டுபவன் துரோகியா? 'அறிவியலை எதிர்க்கும் பகுத்தறிவாளரா நீங்கள்?' என்றும் கேட்பார்கள். அறிவியலை நம்புவதால்தான் சான்று கேட்கிறோம். சான்று கேளாமல் கும்பிடச் சொன்னால், எஃகினால் செய்த சக்கரமும் சாமிதான்!

வேறு வழி உண்டா என்றால், உண்டு, கையிலேயே இருக்கிறது. 1988 டிசம்பர் 31-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி முதல் நாள் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொண்டு வருகின்றன. கார்கில் போர் வந்தது; பட்டியல் நிற்கவில்லை. பாலாகோட் வந்தது, நிற்கவில்லை. எத்தனை கோடி செலவு? ஒரு தாள், ஒரு கையெழுத்து! 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையிலே, செயற்கைக்கோள்களை ஏவுகணையால் உடைக்கும் சோதனைகளைக் கைவிடுவோம் என்ற தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியா எப்பக்கமும் கை தூக்காமல் ஒதுங்கி நின்றது!

ஆகவே, தோழர்களே, மேடைதோறும் மன்றந்தோறும் நாம் எழுப்பவேண்டிய குரல் இது. கேடயத்தின் சோதனைக் கணக்கை, ஏவியவரும் தீர்ப்பளிப்பவரும் வேறு வேறாக இருக்கும் ஒரு குழுவின் முன் வை! பலூனுக்கும் குண்டுக்கும் வேறுபாடு கண்டாயா என்று மக்களுக்குச் சொல்! விண்ணிலே இனி ஒரு கோளையும் உடைப்பதில்லை என்று ஐ.நா.வில் கையெழுத்திடு! மணமேல்குடிக்காரனுக்குப் புயலைச் சொல்லும் வானம் அது. எந்தப் படைக்கும் அதைப் பட்டா போட்டுக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.

கதிரவனை எந்தச் சக்கரமும் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டவனுக்கு மட்டுமே பகல் இருளாகும். கண்ணைத் திறப்போம்!